கணினியில் கொடிவழி: தமிழ்க் குடும்பத்துக்கான பதிவு முறைகள்

குடும்ப வரலாற்று மென்பொருள் என்பது கொடிவழிப் படம் வரைவதற்கான கருவி என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு தரவுத்தளம், அதாவது தனித்தனிக் குறிப்புகளை ஒன்றோடொன்று கோத்து வைத்து, வேண்டும்போது வேண்டிய கோணத்தில் எடுத்துத் தரும் ஏற்பாடு. ஆள், குடும்பம், நிகழ்வு, இடம், சான்று ஆகிய ஐவகைக் குறிப்புகளே அதன் அடிப்படை. ஒருவர் பிறந்ததும் மணந்ததும் இறந்ததும் நிகழ்வுகள். அவை நடந்த ஊர்கள் இடங்கள். அவற்றைச் சொல்லும் பத்திரமோ கல்லறை வாசகமோ பாட்டியின் பேச்சோ சான்று. கணவன், மனைவி, பிள்ளைகள் என்னும் தொகுதி குடும்பம். படம் என்பது இவற்றிலிருந்து கடைசியில் கிடைப்பது. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வரைந்துகொள்ளலாம். பெரிய அட்டையிலோ எக்செல் தாளிலோ வரையப்படும் கொடிவழியில், அத்தை மகளை மணந்த ஒருவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்னும் கேள்வி மூன்றாம் தலைமுறையிலேயே எழுந்துவிடுகிறது. தரவுத்தளத்திலோ அவர் ஒரே ஓர் ஆளாக இருந்துகொண்டு எத்தனை உறவுகளிலும் இடம்பெற முடியும். கணினியை நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் இம்மென்பொருள்களின் படிவங்கள் தமிழ்க் குடும்பத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. இத்துறையின் பொதுக் கோப்பு வடிவமான கெட்காம் என்பதை 1984இல் வெளியிட்டது அமெரிக்காவின் மார்மன் திருச்சபை. இறந்த முன்னோருக்காகச் சடங்கு செய்வது அச்சபையாரின் சமயக் கடமை என்பதால், அவர்கள் உலகெங்கும் மூதாதையர் பதிவேடுகளைத் திரட்டி வந்தனர். அப்பதிவேடுகளுள் பெரும்பகுதி மேலைநாட்டுத் தேவாலயங்களுக்கு உரியவையாதலின், இடுபெயர், குடும்பப்பெயர், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்னும் அவற்றின் வரிசையே மென்பொருளின் படிவத்திலும் படிந்துவிட்டது. முதல் பெயரை உள்ளிடுவதற்கு முன்பே, பெயரையும் காலத்தையும் உறவையும் இடத்தையும் எப்படி எழுதுவது என்பதைக் குடும்பத்தார் தாமே முடிவுசெய்து, ஒரு பக்க அளவில் எழுதி வைத்துக்கொள்வது நலம். எந்த மென்பொருளை வாங்குவது என்னும் கேள்வியைவிட இது முக்கியமானது. ஏனெனில் மென்பொருளைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், நானூறு பேரின் பெயர்களை மூன்று விதமாக எழுதிவிட்டால் அதைச் சீர்செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

மென்பொருள்கள் நிலையானவை அல்ல என்பதற்கு இத்துறையிலேயே சான்றுகள் உள்ளன. கெட்காமை உருவாக்கிய அதே திருச்சபை தந்த பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்னும் மென்பொருள் 2013இல் நிறுத்தப்பட்டது. ஆய்வாளர்கள் விரும்பிப் பயன்படுத்திய தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014இல் நிறுத்தப்பட்டது. ஆகவே உள்ளே இட்டதை முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதே மென்பொருளைத் தேர்வதில் முதற்சோதனை. இவ்வியலில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் கிராம்ப்ஸ், 2001 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது, விலையற்றது. இங்குக் கூறப்படும் முறைகள் பிற மென்பொருள்களுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

பெயர்

படிவத்தில் குடும்பப்பெயர் என்றொரு கட்டம் இருக்கும். தமிழரில் பெரும்பாலோர்க்கு அப்படியொரு பெயர் இல்லை. பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரையோ, ஊரையும் தந்தையையும் சேர்த்தோ குறிக்கிறது. காஞ்சிபுரத்து நடராசனின் மகன் அண்ணாதுரை என்பதே சி. என். அண்ணாதுரை என்றானது, ஆங்கிலேயர் காலத்தில் காஞ்சிபுரம் காஞ்சீவரம் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முறையால் முதலெழுத்து ‘சி’ ஆயிற்று. தலைப்பெழுத்துகளை விரிக்காமல் அப்படியே பதிந்தால், இரண்டு தலைமுறைக்குப் பின் அவற்றை விரிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

குடும்பப்பெயர்க் கட்டத்தை எதையாவது இட்டு நிரப்பினால் விளையும் குழப்பத்தை அறிய, அறிவியலாளர் சி. வி. ராமனின் குடும்பத்தைப் பார்த்தாலே போதும். ராமனின் தந்தை பெயர் சந்திரசேகரன். ‘சி’ அவரைக் குறிக்கிறது. ‘வி. ராமன்’ என்பதோ வெங்கட்ராமன் என்னும் ஒரே பெயர் இரண்டாகப் பிளந்தது. ராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலத்தில் சி. எஸ். ஐயர் என்று எழுதப்பட்டார். அவருடைய மகன், 1910இல் லாகூரில் பிறந்து 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர், தாத்தாவின் பெயரைத் தாங்கிச் சந்திரசேகர் ஆனார். மேலைநாடுகளில் அதுவே அவருடைய குடும்பப்பெயராகக் கொள்ளப்பட்டது. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் மென்பொருள், உடன்பிறந்தாரான ராமனையும் ஐயரையும் இரு வேறு குடும்பங்களில் சேர்த்துவிட்டு, தாத்தாவையும் பேரனையும் மட்டும் ஒரு குடும்பமாக்கிவிடும்.

எனவே இடுபெயர்க் கட்டத்தில் ஆளின் சொந்தப் பெயரை முழுமையாக எழுதிக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் முழுப்பெயரை இட்டு, அதன் தோற்றம் தந்தைவழிப் பெயர் என்று குறிப்பதே சீரான முறை. கிராம்ப்ஸில் இதற்கான தெரிவு உள்ளது. இன்னொரு மாற்றத்தையும் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும்போது தந்தையின் குடும்பப்பெயரைத் தானாகவே எழுதிவைக்கும் வழக்கம் மென்பொருளுக்கு உண்டு. விருப்பத்தேர்வுகளில் குடும்பப்பெயர் ஊகம் என்னும் அமைப்பை ‘எதுவுமில்லை’ என மாற்றாவிட்டால், பேரன் பெயரோடு கொள்ளுத்தாத்தாவின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். அதே பட்டியலில் ஐஸ்லாந்து முறை என்று ஒரு தெரிவு உண்டு. அங்கும் தந்தை பெயரே அடையாளமாதலின் அது நமக்கு ஏற்றதென்று தோன்றும், ஆனால் அது பெயரின் இறுதியில் அந்நாட்டு விகுதிகளைச் சேர்க்கும்.

பெண்களின் பெயரில் திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறுவது வழக்கம். பிறந்த வீட்டுப் பெயரையே முதன்மைப் பெயராக வைத்து, கணவர் பெயரோடு வழங்கியதை மாற்றுப் பெயராகச் சேர்க்க வேண்டும். இல்லையேல் அவருடைய தந்தை யார் என்பதற்கான ஒரே தடயமும் மறைந்துபோகும். பட்டப்பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், பத்திரங்களிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள ஆங்கில எழுத்து வேறுபாடுகள் ஆகியவையும் மாற்றுப் பெயர்களாகவே இடம்பெற வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒரே பெயருடையோர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையும், ஒரே தாத்தாவின் பேரர்களிடையேயும் வருவர். ஊரார் அவர்களைப் பிரித்தறியச் சொன்ன அடைமொழியே, எவ்வளவு கேலியாக இருந்தாலும், மிகவும் நம்பத்தக்க அடையாளம்.

சாதிப்பட்டங்களைக் குறித்தும் ஒரு முடிவு வேண்டும். பழைய பத்திரங்களில் பட்டத்துடன் வரும் ஒருவர் பிற்காலப் பத்திரங்களில் பட்டமின்றி வருவது உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களைத் துறக்கச் சொன்ன பின்னர் பலர் அவ்வாறு செய்தனர் என்பது தெரியாதவர், அவர்களை இரு வேறு ஆட்களாகக் கொள்ள நேரும். பத்திரத்தின் படியெடுப்பில் பட்டத்தை உள்ளவாறே எழுதி, ஆளின் முதன்மைப் பெயரில் அவர் தாமே எழுதிக்கொண்ட வடிவத்தை வைப்பது இரண்டுக்கும் நேர்மையானது.

காலம்

இத்துறையில் மிகுதியான பிழைகள் நேர்வது ஆண்டைக் கணிப்பதில்தான். தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்களாகச் சுழல்பவை. இப்போதைய சுற்று 1987 ஏப்ரலில் தொடங்கியது. எனவே ‘விக்கிரம ஆண்டு தை மாதம்’ என்று ஒரு சாதகத்தில் இருந்தால் அது 2001, 1941, 1881 ஆகிய மூன்றில் எதுவும் ஆகலாம். விக்கிரம ஆண்டு 1940 ஏப்ரலில் தொடங்குவதைப் பார்த்து 1940 சனவரி என்று எழுதிவிடுவது பரவலான தவறு. தை, மாசி, பங்குனி ஆகியவை எப்போதும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுபவை. மார்கழியோ இரண்டு ஆண்டுகளிலும் கால் வைத்து நிற்பது.

அறுபதில் எந்தச் சுற்று என்பதைப் பெரும்பாலும் தலைமுறைக் கணக்கே காட்டிவிடும். அது போதாதபோது சாதகக் கட்டமே உதவும். வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டுகளிலும் சனி ஏறக்குறைய 30 ஆண்டுகளிலும் வான்வட்டத்தைச் சுற்றுவதால், 60 ஆண்டுக்குப் பின் இரண்டும் முன்னிருந்த இடத்துக்கு அருகிலேயே வந்து நிற்கும். அவற்றைக் கொண்டு சுற்றைப் பிரித்தறிய முடியாது. இராகுவின் சுற்று 18 ஆண்டு ஏழு மாதம் அளவினது, 60இல் அது நிறைவாக அடங்காது. ஆகவே இரு சுற்றுகளில் இராகு இருக்கும் இராசிகள் இரண்டு மூன்று கட்டம் விலகி நிற்கும். இராகு நிற்கும் கட்டத்தைப் பழைய பஞ்சாங்கத்துடனோ சாதகம் கணிக்கும் மென்பொருளுடனோ ஒப்பிட்டால் ஆண்டு உறுதியாகும். சாதகத்தில் சாலிவாகன சகாப்த ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால் இத்தனை உழைப்பும் வேண்டாம். அதனுடன் 78ஐக் கூட்டினால் அத்தமிழ் ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

நாளைக் கணிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சாதகத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவது. பிறந்த நேரம் உதயத்திலிருந்து நாழிகையாகச் சொல்லப்படும், ஒரு நாழிகை 24 நிமிடம். வியாழக்கிழமை உதயாதி நாழிகை 52 என்றால், உதயம் ஆறு மணி எனக் கொண்டு கணக்கிட, நள்ளிரவு கடந்து இரண்டே முக்கால் மணிக்கு மேல் ஆகிறது. ஆங்கில முறைப்படி அது வெள்ளிக்கிழமை.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் பழைய ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்டு நடுவில், பிறப்பது. டிசம்பர் வரை 824ஐயும் சனவரி முதல் 825ஐயும் கூட்ட வேண்டும். கேரளத்தையும் குமரிப் பகுதியையும் சேர்ந்த முதியோர் பேச்சில் வரும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் கொல்லம் 1099ஐக் குறிப்பது. அது நேர்ந்தது 1924 சூலையில்.

எழுத்தில் ஏதுமில்லாதபோது முதியோர் நினைவில் காலம் நிகழ்ச்சிகளால் அளக்கப்பட்டிருக்கும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878 வரை. ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. பர்மாவிலிருந்து நடந்தே வந்தது என்றால் பெரும்பாலும் 1942. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர். ‘எம்டன் வந்தபோது கைக்குழந்தை’ என்னும் கூற்றை 1914 என்று ஒற்றை ஆண்டாகப் பதிவது தவறு. 1912க்கும் 1914க்கும் இடையில் என எல்லை வகுத்துப் பதிய வேண்டும். கிராம்ப்ஸ் ‘சுமார்’, ‘முன்’, ‘பின்’, ‘இடையில்’ என்னும் அடைகளையும், மதிப்பீடு, கணிப்பு என்னும் தரக்குறிகளையும் ஏற்கும். இசுலாமிய, யூத, பாரசீக நாட்காட்டிகளையும் அது அறியும். தமிழ் நாட்காட்டியை அறியாது. ஆகவே நாள் கட்டத்தில் ஆங்கில நாளை இட்டு, அதனுடன் வரும் உரைக் குறிப்பில் மூலத்தில் உள்ள தமிழ் நாளை மாற்றமின்றி எழுதிவைக்க வேண்டும். பின்னொருவர் கணக்கைச் சரிபார்க்க அது ஒன்றே வழி.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்தநாளை ஐயத்துடனேயே அணுக வேண்டும். சேர்க்கைக்கு வேண்டிய வயதைக் காட்டத் தலைமையாசிரியரே ஒரு நாளை எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் சூன் முதல் வாரத்தில் பிறந்திருந்தால் அது இயற்கையன்று. இறந்த நாளைப் பொறுத்தவரை நிலை வேறு. ஆண்டுதோறும் திதி கொடுப்பதால் மாதமும் பிறையும் திதியும் குடும்பத்தில் துல்லியமாக நினைவிருக்கும், ஆண்டு மட்டும் மறந்திருக்கும். அத்திதியைத் தனியொரு பண்புக் குறிப்பாக எழுதிவைத்தால், ஆண்டு தெரியவரும் நாளில் பஞ்சாங்கத்தைக் கொண்டு நாளைக் கண்டுபிடித்துவிடலாம்.

உறவு

சொந்தத்தில் மணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் மூதாதையர் எண்ணிக்கை தலைமுறைதோறும் இரட்டிப்பதில்லை; ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழிகளில் வருவர். இதை விளக்க ஐரோப்பியர் நெடுங்காலமாகக் கையாளும் மூதாதையர் எண்முறை உதவும். அதில் தொடக்க ஆளுக்கு எண் 1. எவருக்கும் தந்தையின் எண் அவருடைய எண்ணைப் போல் இருமடங்கு, தாயின் எண் அதைவிட ஒன்று மிகுதி. தந்தை 2, தாய் 3, தந்தையின் தந்தை 4, தந்தையின் தாய் 5, தாயின் தாய் 7, அவருடைய பெற்றோர் 14, 15. ஒருவர் தம் அக்காள் மகளை மணந்து பெற்ற பிள்ளையிடமிருந்து எண்ணத் தொடங்கினால், தந்தையின் பெற்றோரும் தாயின் தாயைப் பெற்றோரும் ஒருவரே ஆகின்றனர். 4ஆம் எண்ணும் 14ஆம் எண்ணும் ஒரே தாத்தா, 5உம் 15உம் ஒரே பாட்டி.

அறிக்கையில் ஒருவர் இரு எண்களில் தோன்றுவது பிழையன்று. பிழை எங்கே நேர்கிறது என்றால், தாய்வழியை உள்ளிடும்போது அதே பாட்டியை மறுபடி புது ஆளாகச் சேர்ப்பதில்தான். சித்தி வழியாக வந்த செய்தியும் அத்தை வழியாக வந்த செய்தியும் அவரை வெவ்வேறு செல்லப்பெயரால் குறிக்கும்போது இது எளிதில் நடக்கும். எவரையும் சேர்ப்பதற்கு முன் தேடிப்பார்க்க வேண்டும். இருவர் ஒருவரே என்று பின்னர் தெரிந்தால், ஒன்றை அழித்துவிடாமல் இணைப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும். இணைத்தால் இரண்டின் சான்றுகளும் நிற்கும்.

இருவருக்கிடையிலான உறவைக் கணித்துச் சொல்லும் வசதியும் மென்பொருளில் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் அது ஒரே சொல்லால் சொல்லும். அத்தை மகள், சித்தி மகள் என்னும் வேறுபாடு, அதாவது முறைப்பெண்ணா தங்கையா என்பது, அதற்குத் தெரியாது. அவ்வசதியை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, யார் யாரை எப்படி அழைத்தனர் என்பதைக் குறிப்பாக எழுதுவதே பயனுடையது. இரு குடும்பங்களுக்குள் மறந்துபோன மணவுறவு ஒன்று பலமுறை அவ்வழைப்பினாலேயே வெளிப்படும்.

மூத்த தாரம், இளைய தாரம் என இருவர் இருந்தால் இரண்டு குடும்பக் குறிப்புகள் வேண்டும். பிள்ளைகளைத் தத்தம் தாயின் கீழ் சேர்க்க வேண்டும். தத்துக்குச் சென்ற பிள்ளை பெற்ற குடும்பத்திலும் வளர்த்த குடும்பத்திலும் இடம்பெறுவார். இரண்டாவதில் உறவின் வகை ‘தத்து’ எனக் குறிக்கப்படும். பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டுக்குத் தம்பி மகன் தத்துப்போன குடும்பத்தில், பத்திரத்தில் உள்ள தந்தை பெயரும் உடன்பிறந்தார் சொல்லும் தந்தை பெயரும் மாறுபடுவதன் காரணம் இதுவே. நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி நிலவிய குடும்பங்களில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. அங்கே பத்திரங்களைத் தொடர்ந்து சென்று தந்தைவழியைக் காண முயல்வது வீண்.

தகவல்களில் முரண் உள்ளதா என்று சோதிக்கும் கருவி, மிக இளவயது மணங்களைக் கண்டு எச்சரிக்கை விடுக்கும். பெண்ணின் மணவயது 14 என வரையறுத்த சாரதா சட்டம் இயற்றப்பட்டதே 1929இல்தான்; அதற்கு முற்பட்ட மணங்களில் மணமகளின் வயது 8 என்றோ 10 என்றோ வந்தால், எச்சரிக்கைக்கு அஞ்சி அதைத் திருத்திவிடலாகாது.

இடம்

ஊர் அசைவதில்லை, அதைச் சூழ்ந்த ஆட்சி எல்லை மாறிக்கொண்டே இருக்கும். செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஊரை ஒரே இடமாகப் பதிந்து, அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எதற்குள் அடங்கியது என்பதைத் தனித்தனியே இணைக்கும் வசதி கிராம்ப்ஸில் உண்டு. 1940இல் பிறந்தவரின் ஆவணத்தைத் தென்காசியில் தேடி ஏமாறாமல் இருக்க இது பயன்படும்.

சான்று

குடும்ப வரலாறு எழுதுவோர் மிகவும் சோம்பும் இடம் இது. பயன் மிகுந்த இடமும் இதுவே. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உறவும் எங்கிருந்து அறியப்பட்டது என்பதைச் சான்றுக் குறிப்பாக இணைக்க வேண்டும். மூலம் என்பது முழு ஆவணம். மேற்கோள் என்பது அதில் குறிப்பிட்ட பக்கமோ வரியோ. ஒரு மேற்கோள் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை ஐந்து படிகளில் குறிக்க முடியும்.

தமிழகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் உள்ள மிகச் சிறந்த மூலம் நிலப் பத்திரமே. கிரயமோ அடமானமோ எதுவாயினும் எழுதிக்கொடுப்பவரும் வாங்குபவரும் இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்னார் என்று குறிக்கப்படுவர். நாற்புற எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் பங்காளிகளின் பெயர்கள் வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறை முழுவதும் வரிசையாகக் கிடைத்ததாகும். ஆனால் அதில் மகள்கள் இடம்பெறாமை, மகள்கள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டுச் சட்டத்தில் வந்தது 1989இல். அதற்கு முற்பட்ட பத்திரங்களில் பெண்கள் மறைந்தே இருப்பர். அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: கல்யாணப் பத்திரிகைகள், மருத்துவமனைச் சீட்டுகள், ஒளிப்படங்களின் பின்புற எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. குறிப்பிட்ட நாளில் உயிரோடிருந்த உறவினரை ஊர்ப்பெயருடன் பட்டியலிட்டுத் தரும் ஆவணம் மொய் நோட்டைப் போல் இன்னொன்று இல்லை. தாய்மாமன் முறை செய்தவர் யார் என்பதிலிருந்தே மணமகளின் தாய் பிறந்த வீடு தெரிந்துவிடும். அதை வெற்று நோட்டென்று எடைக்குப் போடுவோர் இன்றும் உளர்.

சமூகந்தோறும் வேறு மூலங்களும் உள்ளன. நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் மணங்களைப் பதிவதோடு, இசைகுடிமானம் என்னும் மண ஒப்பந்தத்தையும் எழுதிவந்தனர். கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உள்ளன. தரங்கம்பாடியில் லுத்தரன் சபைப் பணி தொடங்கியது 1706இல் என்பதால், சில குடும்பங்கள் மிகப் பின்னோக்கிச் செல்ல இயலும். யாழ்ப்பாணத்தாருக்கு ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது நிலத்தையும் குடிகளையும் எழுதிய பேரேடுகள், இலங்கைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

வாய்மொழியும் சான்றே. யார் சொன்னார், எந்த நாளில், அவருக்கு அது எப்படித் தெரியும் என்னும் மூன்றையும் எழுதினால் அது ஆவணத்துக்கு நிகராக ஆராயத்தக்கதாகும். பேச்சை ஒலிப்பதிவு செய்து, கோப்பை அப்படியே மூலத்துடன் இணைப்பது சிறந்தது. இரண்டு சான்றுகள் முரண்பட்டால் ஒன்றை அழிக்க வேண்டியதில்லை; இரண்டையும் நிகழ்வுகளாகப் பதிந்து, நம்பத்தக்கதை முதன்மையாக்கி, காரணத்தைக் குறிப்பில் எழுதினால் போதும்.

எழுத்தும் காப்பும்

எல்லாவற்றையும் யூனிகோடு எழுத்திலேயே உள்ளிட வேண்டும். பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இருந்தால் மாற்றிகளின் வழியே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். கெட்காம் ஏற்றுமதியில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். 2021இல் வந்த கெட்காம் 7.0இல் அதுவே கட்டாயம். பெயர்ப் பட்டியல் சில மென்பொருள்களில் யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கப்படுவதால் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் ழகரம் வகரத்துக்கு முன்னும் வரும். பெயர் காணவில்லையென்று மறுபடி சேர்ப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பத்திரங்களையும் படங்களையும் வருடியில் குறைந்தது 300 புள்ளி அடர்த்தியிலும், சிறிய ஒளிப்படங்களை 600இலும் எடுப்பது நல்லது. வாட்சாப்பில் அனுப்பப்பட்ட படம் சுருக்கப்பட்டது. மூலமாக வைத்துக்கொள்ளத் தக்கதன்று, கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பழைய கெட்காம் கோப்பில் படங்கள் அடங்குவதில்லை, அவற்றின் இருப்பிடம் மட்டுமே குறிக்கப்படும். எனவே கெட்காமை மட்டும் காப்பாக நம்பாமல், படங்களையும் சேர்த்துக் கட்டும் கிராம்ப்ஸ் பொதியையும் மாதந்தோறும் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே வேறோர் உறவினரிடம் வைக்க வேண்டும்.

உயிருடன் இருப்போரின் விவரங்களைத் தனியாகக் கருத வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, உடல்நலக் குறிப்பு ஆகியவற்றுக்குக் குடும்ப வரலாற்றில் வேலையே இல்லை. பிறந்தநாளும் தாயின் பெயரும் அடையாளச் சோதனைக்குப் பயன்படுவன என்பதால், பிறருக்கு அனுப்பும்போது உயிருடன் இருப்போரை விலக்கி ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். தத்து, மணமுறிவு, ஓடிப்போன கலியாணம் போன்றவற்றைப் பதியலாம், தனிப்பட்டது என்னும் பூட்டுக்குறியையும் இட்டுவைக்கலாம். அதைத் திறப்பது எப்போது என்பதை அச்செய்திக்கு உரியவரே முடிவுசெய்யட்டும்.

கணினித் திரையைப் பாராத முதியோருக்கு அச்சுப்படி தேவை. விசிறி வடிவப் படம் அழகாக இருக்கும், ஆனால் முதியோரால் படிக்க முடியாது; தலைமுறை வாரியான உரை அறிக்கையைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மறுபக்கத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் அவர்கள் திருத்தங்களை எழுதுவர். அச்சிடுமுன் பிடிஎஃப் கோப்பில் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திருத்திய தாள்கள் திரும்பி வந்ததும், அவற்றையே ஒரு மூலமாகப் படியெடுத்து, திருத்தியவர் பெயரும் நாளும் இட்டு, ஒவ்வொரு திருத்தத்தையும் அத்தாளின் பக்கத்தோடு இணைத்துப் பதிய வேண்டும்.